உப்புக்காற்றில் கண்ணாடி: கேள்வி பதில்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரரின் பைனாகுலர்களையும் சூரியனின் உயரம் அளக்கும் செக்ஸ்டன்ட்களையும் திறந்து பழுது பார்த்தே என் தலை நரைத்தது. பிறகு கனடாவில் மகனோடு இருந்த ஐந்து குளிர்காலங்களில், வேட்டைக்காரர் துவக்கின் மேல் பூட்டும் ஸ்கோப்புகளும் கைக்கு வந்தன. கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்து குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்த அளவுக்கு, கொஞ்சம் எனக்குப் பிடித்த அளவுக்கும், பதில் சொல்கிறேன்.

ஒன்ராறியோவிலிருந்து, பிறந்த ஊர் உப்புவெளி: ஐயா, நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிறேன். மழை, பனி இரண்டும் உண்டு. நீண்ட காலம் தாங்கும் ஸ்கோப் எப்படித் தெரிவது?

தம்பி, பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்க முன் ஒரு வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து வையுங்கள். நல்ல ஸ்கோப்பின் குழாய் ஒரே துண்டு அலுமினியம். மூட்டுகளில் இறப்பர் வளையம், உள்ளே காற்றுக்குப் பதிலாக நைதரசன் அல்லது ஆகன். ஈரம் இல்லாத வாயு என்பதால் குளிரிலும் உட்பக்கம் மூட்டம் கட்டாது. வாங்கிய அன்றே அதைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். சூட்டில் உள்வாயு விரியும். வெளிவளையங்களில் ஒட்டியிருக்கும் சில குமிழிகள் முதலில் வரும், அவை பொருட்டல்ல. ஒரே இடத்திலிருந்து சரம் சரமாகக் குமிழி வந்துகொண்டே இருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

பெட்டியில் இருக்கும் நீர்க்காப்புக் குறி ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். புதுப் பொருளை நன்னீரில் வைத்துச் செய்த சோதனை அது. பத்து வருடம் வெயிலில் காய்ந்த இறப்பர் வளையத்துக்கு அந்த எழுத்து உத்தரவாதம் தராது.

உருப்பெருக்கம் அதிகம் வேண்டாம். காட்டுக்குள் சுடும் தூரம் பெரும்பாலும் 100 மீற்றருக்குள் அடங்கிவிடும். 2–7 அல்லது 3–9 மடங்கு, முன்வில்லை 40 மில்லிமீற்றர் போதும். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். ஒன்பது மடங்கில் 4.4 மில்லிமீற்றர், ஐந்து மடங்கில் 8. மானோ கருக்கலில்தான் வரும். அந்நேரம் இளைஞரின் கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் விரியும், என் வயதில் 5 கூட விரியாது. ஆகவே பொழுது சாயும்போது உருப்பெருக்கத்தைக் குறையுங்கள், படம் பளிச்சிடும். 30 மில்லிமீற்றர் குழாய் அதிக ஒளி தரும் என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். குழாய் தடித்தால் குறியைத் திருத்தும் இடைவெளி கூடும், ஒளி கூடாது.

கண்ணுக்கும் பின்வில்லைக்கும் இடையே 9 சென்ரிமீற்றராவது இருக்கட்டும். இல்லாவிட்டால் துவக்கு உதைக்கும்போது புருவத்தில் பிறைபோல ஒரு வெட்டு விழும். அப்படிப்பட்ட புருவங்களை நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன். என் மேசைக்கு "ஸ்கோப் பழுது" என்று வந்தவற்றில் பல, ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத்தின் திருகாணி தளர்ந்தவையே. மற்றப் பக்கம், அளவுக்கு மிஞ்சி இறுக்கிக் குழாயை நசுக்கியவர்களும் உண்டு.

வேட்டை முடிந்து சூடான வீட்டுக்குள் துவக்கைக் கொண்டுபோனால் வில்லையின் வெளிப்பக்கம் வியர்க்கும். உள்ளே இருக்கும் நைதரசன் அதற்கு ஒன்றும் செய்யாது. உடனே துடைக்காதீர்கள். துடைக்குமுன் கழுவுங்கள்.

தம்பலகாமம்: காட்டுப்பன்றி வயலை அழிக்கிறது. அனுமதிப்பத்திரம் உள்ள 12 போர் துவக்கு இருக்கிறது. எந்த ஸ்கோப் பூட்டலாம்?

எதுவும் வேண்டாம். அந்தத் துவக்கின் சன்னம் 40 மீற்றருக்கு அப்பால் சிதறிவிடும், அந்தத் தூரத்துக்குக் கண்ணே போதும். அந்தப் பணத்தில் நல்ல டோர்ச் ஒன்று வாங்குங்கள். அனுமதிப்பத்திரம் தொடர்பானவற்றை மாவட்டச் செயலகத்தில் கேளுங்கள்.

பெயரில்லாத ஒருவர்: திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டைக்குள் ஆட்களோடு பழகித் திரியும் மானுக்கு எந்த ஸ்கோப் நல்லது?

அடுத்த கேள்வி.

ஜேர்மனி: ஸ்பிரிங் வைத்த காற்றுத் துவக்கில் விலையுயர்ந்த ஸ்கோப் பூட்டினேன். இரண்டு வாரத்தில் குறுக்குக்கோடு சாய்ந்துவிட்டது. பெரிய ரைபிளில் பல வருடம் தாங்கிய ஸ்கோப் இது.

தாங்கியிருக்கும். பெரிய ரைபிள் பின்னோக்கி மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் துவக்கோ பின்னால் உதைத்து, பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னாலும் குலுக்கும். அந்த முன்குலுக்கலுக்கு உள்ளே வில்லைகளை முட்டுக்கொடுத்திராத ஸ்கோப் கழன்று போகும். காற்றுத் துவக்குக்கென்றே செய்ததை வாங்குங்கள்.

நிலாவெளி, படகோட்டி: அண்ணை, திமிங்கிலம் பார்க்க வருபவர்களுக்கு 10 மடங்கு பைனாகுலர் வாங்கி வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. படகில் கை நடுங்குவதையும் 10 மடங்கு பெருக்கித்தான் காட்டும். ஏழு மடங்கு, 50 மில்லிமீற்றர், கடலுக்கென்று செய்த வகையை வாங்குங்கள். திமிங்கிலத்தின் மூச்சு தூரத்திலிருந்தே வெறுங்கண்ணுக்குத் தெரியும். எது என்று பிரிக்கத்தான் பைனாகுலர். நீலத்திமிங்கிலத்தின் மூச்சு நெட்டையாக நிமிர்ந்து, 9 மீற்றர் வரை எழும். எண்ணெய்த்திமிங்கிலம் இடப்பக்கமாக முன்சாய்ந்து ஊதும். இதைக் காட்டிக் கொடுத்தால் பயணி அடுத்த வருடமும் உங்கள் படகைத்தான் தேடுவார். கரைக்கு வந்ததும் நன்னீரில் அலசுங்கள். உப்புப் பளிங்கு மணல்போல. துணி பட்டதும் வில்லையின் பூச்சைக் கீறும். துடைக்குமுன் கழுவுங்கள்.

குச்சவெளி: ஐபி 67 என்று போட்டிருக்கிறது, கடலில் நனையலாமா?
கிண்ணியா: ஐபி 67 உள்ளதைக் கடலுக்குக் கொண்டுபோகலாமா?
உவர்மலை: நீர் புகாது என்கிறார்கள், கடல்நீரும் புகாதா?

மூவருக்கும் ஒரே பதில். ஐபி 67இன் அந்த 7உம் மேலே சொன்ன நன்னீர்ச் சோதனைதான். நனையலாம், நனைந்தபின் கழுவ வேண்டும். எதற்கு முன் என்று இனி எழுத மாட்டேன்.

உப்புவெளி, விருந்தினர் விடுதி: வாடைக்காற்று தொடங்கினால் எங்கள் பைனாகுலர் வில்லைக்குள் சிலந்திவலை போல ஏதோ படர்கிறது.

அது பூஞ்சணம். மழையில் நனைந்து கெட்ட கண்ணாடியைவிட, அலுமாரிக்குள் சும்மா இருந்து கெட்ட கண்ணாடியையே நான் அதிகம் திறந்திருக்கிறேன். தோல் உறையைத் தூக்கி எறியுங்கள், ஈரத்தை அதுதான் பிடித்து வைக்கிறது. இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி, அதற்குள் நீல சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி ஒன்று. முள் 40க்கும் 50க்கும் இடையே நிற்கட்டும். ஜெல் இளஞ்சிவப்பானால் 120 பாகை வெதுப்பியில் காய வைத்தால் மறுபடி நீலமாகும். தயவுசெய்து அரிசிக்குள் புதைக்காதீர்கள்.

மூதூர், ஆசிரியை: ஐயா, ஏன் அரிசி கூடாது? என் வாப்பா தன் கமெராவை அரிசி ரின்னுக்குள்தான் வைத்தார். இருபது வருடம் ஒரு புள்ளி பூஞ்சணம் இல்லை.

ரீச்சர், அரிசித் தவிடு பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. காய்ந்தது என்று நாம் நினைக்கும் அரிசியிலும் எடையில் 13, 14 வீதம் ஈரம் இருக்கிறது. அதை ரின்னில் அடைத்தால் உள்ளிருக்கும் காற்று ஏறக்குறைய 65, 70 வீத ஈரப்பதத்தில் வந்து நிற்கும். பூஞ்சணம் முளைக்கத் தொடங்குவதும் அந்த இடத்தில்தான். வாப்பாவின் கமெராவைக் காத்தது ரின்னின் மூடியாக இருக்கும்.

கிண்ணியா: ரீச்சர் சொல்வது சரி. எங்கள் வீட்டிலும் கைத்தொலைபேசி நனைந்தால் அரிசிதான்.

தொலைபேசி தானாகக் காய்ந்திருக்கும். அரிசி பக்கத்தில் நின்று பெயர் வாங்கியிருக்கும்.

வவுனியா: சிவப்பரிசியா, வெள்ளையா?

கடவுளே.

மூதூர், ஆசிரியை மறுபடியும்: அந்த ரின்னின் மூடி வளைந்தது, இறுக மூடாது. வாப்பாவின் கமெரா இன்றும் என்னிடம் இருக்கிறது, வில்லை பளிங்குபோல இருக்கிறது. உங்கள் கணக்குக்கு என்ன விளக்கம்?

விளக்கம் என்னிடம் இல்லை. ஆனால் அந்த 70 வீதத்தை விட்டு இறங்க மாட்டேன். மூடியும் இறுகவில்லை என்றால் வெளிக்காற்றின் ஈரமும் சேர்ந்திருக்க வேண்டும். அரிசியை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை மாற்றினார்கள் என்று நினைவிருக்கிறதா?

ஆசிரியை: வெள்ளிக்கிழமை தோறும் உம்மா வறுத்துத்தான் போடுவார். சூடு ஆறியதும் சீலைப்பையில் கட்டி வைப்பார்.

வறுத்த அரிசியா! ரீச்சர், இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு நேரம் சண்டை பிடித்திருக்க மாட்டேனே. வறுத்தால் அந்த 13 வீதம் ஆவியாகிவிடும். பிறகு அரிசி பக்கத்துக் காற்றின் ஈரத்தைத் தேடிக் குடிக்கும். உப்புப் போத்தலில் வறுத்த அரிசி போடுவதும் இதற்குத்தான். வாராவாரம் வறுத்ததால் வளைந்த மூடிக்கும் ஈடு கொடுத்திருக்கிறது. சீலைப்பையில் கட்டியதால் தவிடும் வில்லையில் படவில்லை. சிலிக்கா ஜெல்லை வெதுப்பியில் காய வைப்பதும் உங்கள் உம்மா தாச்சியில் வறுத்ததும் ஒரே வேலை. வறுக்காத அரிசி பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

எவ்வளவு நேரம் வறுத்தார், நிறம் மாறும் வரையா என்று கேட்டு எழுதுங்கள். ஈரப்பதமானி ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது.