சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வசந்த காலத்தில் குரோஷே (ஒற்றைக் கொக்கி ஊசியால் நூல் பின்னும் கைவேலை) பின்ன நேரம் கிடைக்குமா?

"குளிர் நாட்களில் பிள்ளைகள் தூங்கியதும் குரோஷே பின்ன உட்கார முடிந்தது. வசந்தம் வந்ததிலிருந்து பொழுது சாய்ந்தாலும் வீட்டுக்குள் வர மாட்டேன் என்கிறார்கள், தூங்கவும் நேரமாகிவிடுகிறது. ஆரம்பித்த போர்வை பாதியில் கிடக்கிறது. மூத்தவனுக்கு மூன்று வயது, சின்னவளுக்கு ஒன்று. அவர்கள் வளரும்வரை இதை மூட்டை கட்டி வைத்துவிடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூட்டை கட்ட வேண்டாம். அந்தப் போர்வையை மட்டும் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள், கைவேலையை விடாதீர்கள்.

எனக்கு ஐந்து வயதில் மகள், இரண்டரை வயதில் மகன். மகள் கைக்குழந்தையாக இருந்த வசந்தத்தில் நானும் உங்களைப் போலத்தான் தவித்தேன். கட்டில் முழுக்க மூடுகிற மாதிரி ஒரு போர்வை ஆரம்பித்திருந்தேன். வரிசைக்கு இருநூறு கண்ணிக்கு (ஊசியால் இழுத்தெடுக்கும் நூல் வளையத்துக்கு) மேல், இரண்டு வண்ணம் மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டே போக வேண்டிய டிசைன். எண்பதாவது கண்ணியில் குழந்தை அழும். தூக்கிச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பி வந்தால் எந்த எண்ணில் விட்டேன் என்று தெரியாது. பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பின்னுவேன். ஒரு வாரத்தில் ஒரு வரிசைகூட ஏறாது. நேரமே இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் உட்கார்ந்து யோசித்தபோதுதான், ஐந்து நிமிடம் பத்து நிமிடம் என்று துண்டு துண்டாக நேரம் இருக்கத்தான் செய்கிறது, அந்தத் துண்டுக்குள் அடங்குகிற வேலையை நான் எடுக்கவில்லை என்று புரிந்தது.

இந்த விஷயத்தில் குரோஷே மாதிரி தோதான கைவேலை வேறு இல்லை என்பேன். இரண்டு ஊசி வைத்துப் பின்னும் நிட்டிங்கில் ஒரு வரிசைக் கண்ணிகள் மொத்தமும் ஊசியில் திறந்தே நிற்கும். பிள்ளை ஊசியை உருவிவிட்டால் அத்தனையும் நழுவும். குரோஷேயில் எந்த நேரத்திலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். அதில் ஊக்கு மாதிரிப் பூட்டிக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் மார்க்கரை மாட்டிப் பூட்டிவிட்டால் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் பிரியாது. "அம்மா!" என்று குரல் வந்த நொடியில் எழுந்து ஓடலாம்.

அப்புறம் பின்னுகிற பொருளும் சின்னதாக இருக்க வேண்டும். நான் கிரானி ஸ்கொயருக்கு மாறினேன். நடுவில் ஒரு வளையம், அதைச் சுற்றி மும்மூன்று கண்ணியாக நாலு மூலை. 4 மி.மீ. ஊசியில், நடுத்தர நூலில், நாலு சுற்றுக்கு ஏறக்குறைய 10 செ.மீ. சதுரம் வரும். ஒவ்வொரு சுற்று முடிவும் ஒரு நிறுத்தம். எண்ணவே வேண்டாம், கை பார்த்துக்கொள்ளும். சறுக்குமரத்தின் அடியில் நின்றபடியே ஒரு சுற்று முடித்திருக்கிறேன். அப்படிச் சேர்ந்த 80 சதுரங்களை எட்டுக்குப் பத்து என்று இணைத்ததுதான் இன்று மகன் போர்த்திக்கொள்ளும் போர்வை. அவனுக்கு ஒரு வயது தாண்டிய பிறகுதான் கொடுத்தேன். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் தொட்டிலில் தளர்வான எந்தப் போர்வையும் கூடாது.

பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொண்ட பிறகுதான் எனக்கு நிஜமான சந்தோஷம் ஆரம்பித்தது. போன வசந்தத்தில் மகளுக்கு நாலு வயது. அவளும் நானும் ஒரு பட்டை ஆரம்பித்தோம். முப்பது கண்ணி அகலம், நாளைக்கு ஒரே ஒரு வரிசை. அன்றைக்கு வெளியில் பார்த்ததில் அவளுக்கு எது பிடித்ததோ அதன் நிறத்தில் நூல். மார்ச், ஏப்ரல், மே மூன்றும் சேர்த்து 92 நாள். வரிசைக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால், முடிக்கும்போது பட்டை அவள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும் என்று கணக்குப் போட்டேன். ஒரு வரிசைக்கு ஐந்து நிமிடம் போதும். எவ்வளவு அலுப்பான நாளிலும் அந்த ஐந்து நிமிடம் கிடைத்துவிட்டது.

முதல் மாதம் பழுப்பும் சாம்பலுமாகவே போனது. காய்ந்த கிளை, சேறு, மழை. ஏப்ரலில் ஒருநாள் பச்சை வேண்டும் என்றாள். கூடையிலிருந்த அடர் பச்சைக் கண்டை எடுத்தேன். "இது இல்லைம்மா, குட்டி இலைப் பச்சை" என்று மூடியிருந்த உள்ளங்கையைத் திறந்தாள். அவள் விரல் நகம் அளவுக்கு ஒரு துளிர். இன்னும் முழுக்க விரியாமல், ஓரம் மடிந்து, மஞ்சள்தான் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. அதை நூல்கண்டின் மேல் வைத்துக் காட்டினாள். இளந்துளிரில் பச்சையம் குறைவாக இருப்பதால்தான் அந்த வெளிர் நிறம். அது எனக்குத் தெரியும், ஆனால் அதுவரை கிட்டத்தில் வைத்துப் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து அதே மரத்தின் இலை ஒன்றை தினமும் கொண்டுவந்து அந்தக் கண்டின் மேல் வைத்து ஒப்பிடுவாள். மூன்று வாரத்தில் இலை நூலின் நிறத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. "இப்ப இதுதான்மா!" என்று அவள் அடர் பச்சையை எடுத்து நீட்டிய அந்த மாலையை நான் மறக்க மாட்டேன்.

மகன் வேறு ரகம். அவனுக்கு நூல்கண்டு உருண்டோட வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் கண்டை எடுத்துக்கொண்டு ஓடி, மரத்தைச் சுற்றி, பெஞ்சின் காலுக்குள் நுழைந்து, புல்லில் போய்ப் படுத்துக்கொண்டான். சிக்கெடுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. இழைக்கு இழை சருகும் புல் விதையும். அதிலிருந்து அவனுக்கென்று பழைய நூலில் தனியாக ஒரு கண்டு. நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அது அவன் கைக்குப் போகும். என் கண்டை வாய் குறுகலான துணிப்பைக்குள் போட்டு நுனியை மட்டும் வெளியே விடுகிறேன். கண்டின் நடுவிலிருந்து நூல் எடுத்தால் அது உருளவும் செய்யாது.

சின்னவளுக்கு ஒரு வயது என்பதால் இதையும் சொல்ல வேண்டும். நீளமான சங்கிலிப் பின்னலையோ நூலையோ பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு நகராதீர்கள், கழுத்தில் சுற்றிவிடும். மூன்று வயதுக்குள் உள்ளவர்களுக்குப் பொம்மை பின்னினால் கண்ணுக்குப் பட்டனோ மணியோ வேண்டாம், நூலாலேயே கண் தைத்துவிடுங்கள். கையுறை, காலுறை பின்னினால் உள்பக்கம் திருப்பித் தளர்ந்த நூல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒரு இழை விரலில் இறுகச் சுற்றினாலே ரத்த ஓட்டம் நின்றுவிடும், குழந்தையால் சொல்லவும் தெரியாது.

வெயில் ஏற ஏறக் கம்பளி நூல் வியர்த்த கையில் ஒட்டும். பருத்தி நூலுக்கு மாறிக்கொள்ளுங்கள். ஆனால் பருத்தி இழுத்தால் நீளாது, இறுக்கிப் பின்னினால் மணிக்கட்டு வலிக்கும். ஊசியை அரை மி.மீ. பெரிதாக எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

கம்பளி என்றதும் இன்னொன்று. குளிர்கால உடுப்புகளைத் துவைத்து எடுத்து வைக்கும்போது, மகளுக்கு நான் பின்னிய கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாமல் சுடுநீர் சலவையில் போட்டுவிட்டேன். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும். ஸ்வெட்டர் பாதியாகச் சுருங்கித் தடித்துப் போனது. ஒரு மாத உழைப்பு, எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன்: அப்படி இறுகின கம்பளியை வெட்டினால் ஓரம் பிரிவதில்லை. மகளிடம் முனை மழுங்கிய கத்தரிக்கோலைக் கொடுத்தேன். இலை, பூ, பெயர் தெரியாத பூச்சி என்று ஒரு மாலை முழுக்க வெட்டினாள். நூலில் கோத்து ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறோம். உங்கள் மூன்று வயதுப் பிள்ளைக்கும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் இது முடியும்.

தூக்க நேரம் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். வெளிச்சம் இருக்கும்வரை தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும், அது பிள்ளைகளின் அடம் இல்லை. நாங்கள் கனமான திரை போட்டோம். பட்டையின் அன்றைய வரிசையைத் திரைக்குப் பக்கத்தில், மங்கலான விளக்கில் பின்னுகிறேன். வரிசை முடிந்தால் படுக்கை என்பது பிள்ளைகளுக்கே பழகிவிட்டது. இந்த வருடப் பட்டையில் மகனுக்கும் பங்கு உண்டு. அவன் நாள் வந்தால் எப்போதும் சிவப்பு. எதைப் பார்த்தாய் என்று கேட்டால் "பொட்டு வண்டு" என்பான்.

உங்கள் பாதிப் போர்வையைக் கட்டி வைக்கும் முன் கடைசிக் கண்ணியைப் பூட்டுங்கள். ஊசி அளவு, எத்தனையாவது வரிசை, அடுத்து எந்த வண்ணம் என்று ஒரு சீட்டில் எழுதி, அதே ஊசியையும் சேர்த்துப் பைக்குள் போடுங்கள். வேறு ஊசியில் தொடர்ந்தால் பின்னல் தளர்ந்தோ இறுகியோ போய், பழையதும் புதியதும் சேருகிற இடம் நன்றாகத் தெரியும். பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் குளிர் நாட்கள் திரும்பும்போது விட்ட கண்ணியிலிருந்தே தொடரலாம். இப்போதைக்கு வெளியே போகும்போது ஒரு கண்டு, ஒரு ஊசி, ஒரு மார்க்கர் மட்டும் பையில் இருக்கட்டும்.