மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் குழலைக் கட்டையோடு பிணைக்கும் பின்னுக்கு எந்த உலோகம் நல்லது?

பென்சில்வேனியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய பாணி நீளத் துப்பாக்கி ஒன்றை மேப்பிள் மரத்தில் கையாலேயே செய்துகொண்டிருக்கிறாராம். குழல் 42 அங்குலம். குழலைக் கட்டையோடு பிணைக்கக் குறுக்கே போகும் பின்களுக்குப் பித்தளைக் கம்பியா, பியானோ கம்பியா, கடையில் விற்கும் டவெல் பின்னா (துல்லிய அளவில் செய்த கடின எஃகுப் பின்) என்பது கேள்வி.

தம்பி, மூன்றுமே வேண்டாம். சாதாரண மைல்ட் ஸ்டீல் கம்பி எடுத்துக்கொள்ளுங்கள். 1/16 அங்குலம், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர். கேஸ் வெல்டிங்குக்கு விற்கும் கம்பி போதும், செம்புப் பூச்சை மட்டும் தேய்த்து எடுத்துவிடுங்கள். தலையை வெட்டிய மெல்லிய ஆணிகூடச் சரிதான். ஆனால் கேள்வியில் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, அதுதான் உங்கள் கட்டையைக் காப்பாற்றப்போவது: குழலின் அடியில் பொருத்தியிருக்கும் சின்ன உலோகக் காதில் பின் போகும் துளை வட்டமாக இருக்கக்கூடாது. நீளவாக்கில் நீண்டிருக்க வேண்டும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 31 வருஷம் டூல் ரூமில், அதாவது தொழிற்சாலைக்கு வேண்டிய கருவிகள் செய்யும் பட்டறையில், வேலை செய்து ஓய்வு பெற்றவன். அச்சு, ஜிக், பின், புஷ் இவைதான் என் வாழ்க்கை. இந்தத் துப்பாக்கி வேலையை இங்கே கற்றுக்கொள்ளவில்லை, கற்றுக்கொள்ளவும் முடியாது. மலேசியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது பெரிய குற்றம். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் போலித் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம்தான். இங்கிருந்து படிக்கிறவர்கள் யாரும் இதைச் செய்து பார்க்க நினைக்க வேண்டாம். மகள் பென்சில்வேனியாவில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது ஆறு மாதம் அங்கே தங்கினேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் இருபது வருஷமாக இந்த நீளத் துப்பாக்கிகளைச் செய்கிறார். அவருடைய பட்டறையில் ஒரு நாற்காலி எனக்கென்றே ஆகிவிட்டது.

முதலில், பின்னுக்கு என்ன வேலை என்று பாருங்கள். சுடும்போது வரும் உதையைப் பின் தாங்குவதில்லை. அது குழலின் பின்முனை வழியாகக் கட்டையின் மரத்தில் நேராக இறங்குகிறது. பின்முனையில் நீண்டிருக்கும் வாலை ஒரு திருகாணி கட்டையோடு இறுக்கிப் பிடித்திருக்கிறது. நடுவிலும் முன்னாலும் இருக்கும் மூன்று நான்கு பின்களுக்குள்ள ஒரே வேலை, குழல் தன் பள்ளத்தை விட்டு மேலே எழும்பாமல் பார்த்துக்கொள்வது. பாரம் குறைவான வேலை. கடினமாக்கிய எஃகு கேட்கும் வேலையே அல்ல.

இன்னொன்று, இடம். முன்கட்டையில் மேலே குழல் படுத்திருக்கும் பள்ளம், கீழே மருந்து திணிக்கும் கோல் போகும் பள்ளம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது 3 மில்லிமீட்டர் சொச்சம் மரம். பின் அந்தச் சின்னச் சுவருக்குள் குறுக்கே போக வேண்டும். 3/32 அங்குலப் பின் போட்டால் 2.4 மில்லிமீட்டர் போய்விடும், மிச்சம் என்ன இருக்கும்? பலமாக இருக்கட்டும் என்று தடித்த பின் போடுகிறவர்கள் மரத்தைத்தான் பலவீனமாக்குகிறார்கள்.

இனி நீங்கள் கேட்ட மூன்றும்.

டவெல் பின். டூல் ரூம்காரன் கை தானாகப் போவது அங்கேதான், என் கையும் போனது. பெரியவர் ஒரு பழைய கட்டையில் சோதனை செய்துகொண்டிருந்தபோது நான் சொன்ன யோசனைப்படி கடினமாக்கிய 2 மில்லிமீட்டர் டவெல் பின் போட்டோம். வழவழவென்று அழகாக உள்ளே போனது. ஒரு வாரம் கழித்து வெளியே தட்டினோம். நகரவில்லை. கொஞ்சம் அழுத்தித் தட்டியதும் எதிர்ப்பக்கத்தில் துளையோரம் நகக்கண் அளவு மேப்பிள் சிம்பு தெறித்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தரையில் அதைத் தேடி எடுத்து, பசை வைத்து, திரும்ப ஒட்டினார். இரும்புக்குள் இரும்பு போகும்போது அளவு அளவாகவே இருக்கும். மரத்துக்குள் போட்ட துளை இன்று வட்டம், ஈரப்பதம் மாறினால் நாளை நீள்வட்டம். டவெல் பின்னின் துல்லியத்துக்கு அங்கே வேலை இல்லை. அதன் கடினம் மட்டும் மிஞ்சும், அதுவும் மரத்துக்கு எதிராக.

பியானோ கம்பியைப் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது தப்பு என்று நான் சொல்லவில்லை. நேராக இருக்கும், வளையாது. ஆனால் அதை வெட்டும் கட்டர் பல் போகும், வெட்டிய முனை கத்திபோல் நிற்கும். அந்த முனையில் அரம் லேசில் ஏறாது, கிரைண்டரில் உருட்டுவதுதான் சுலபம். உருட்டாமல் அடித்தால் துளை நெடுக மரத்தைச் சுரண்டிக்கொண்டே போகும். அந்தக் கம்பியைத் துளை போடப் பயன்படுத்துவதுதான் எனக்குப் பிடித்திருந்தது. முனையைத் தட்டையாக்கிச் சாணை பிடித்தால் வேண்டிய நீளத்துக்கு ஒரு டிரில் பிட் கிடைத்துவிடுகிறது.

பித்தளை பற்றி எனக்கு மனத்தாங்கலே உண்டு. அப்பா சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வீட்டில் அவருடைய பாராங் (வெட்டுக்கத்தி) ஒன்று இருந்தது, மெர்பாவ் மரப்பிடி. முதலில் இரண்டு இரும்பு ஆணி போட்டிருந்தார். மெர்பாவில் துவர்ச்சத்து அதிகம், இரும்பு பட்டால் கறுக்கும். ஆணியைச் சுற்றி மை கொட்டினதுபோல் கறுப்பு வளையம். பார்க்க நன்றாயில்லை என்று நான் பன்னிரண்டு வயதில் ஆணிகளைப் பிடுங்கிவிட்டுப் பித்தளைக் கம்பி அடித்துக் கொடுத்தேன். தங்கம்போல் மின்னியது. அப்பாவுக்கும் சந்தோஷம். ஒரு மழைக்காலம் போவதற்குள் பிடி ஆட்டம் கண்டது. கழற்றிப் பார்த்தால் பித்தளை நடுவில் லேசாக வளைந்திருந்தது, முனைகள் அடி வாங்கிக் காளான் குடைபோல் விரிந்திருந்தன, பச்சைக் களிம்பு வேறு. விரிந்த முனையை வெளியே எடுக்க மரத்தையே குடைய வேண்டியதாயிற்று. உங்கள் துப்பாக்கிக் கட்டையிலும் இதேதான் நடக்கும். பித்தளைப் பின்னைத் தட்டத் தட்ட முனை பருக்கும், பருத்த முனை துளை வழியாக வராது.

எவர்சில்வர் கம்பியும் யாராவது சொல்வார்கள். துரு பிடிக்காது, உண்மைதான். ஆனால் கட்டையின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளியாக மினுக்கிக்கொண்டே இருக்கும். மைல்ட் ஸ்டீல் சில மாதத்தில் மங்கி, மரத்தோடு மரமாகிவிடும். பழைய துப்பாக்கிகளில் இருந்ததும் மென்மையான இரும்புக் கம்பிதான்.

மைல்ட் ஸ்டீலுக்கு ஒரு குறை உண்டு, துரு. கருமருந்தில் வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. எரிந்த பிறகு மிஞ்சும் கசடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். தண்ணீர் விட்டுக் கழுவும்போது கொஞ்சம் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். துருவேறிய பின் மரத்தைக் கவ்விக்கொள்ளும். அதற்கு வழி எளியது: பின்னைத் தேன்மெழுகில் தோய்த்துவிட்டு அடியுங்கள். மேப்பிளுக்கு நிறம் ஏற்ற ஆக்வா ஃபோர்ட்டிஸ் பூசப்போகிறீர்கள் என்றால் இன்னும் கவனம். அது நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்தது. துளைக்குள் அமிலம் தங்கினால் பின்னை உள்ளிருந்தே தின்னும். பூசி, சூடு காட்டி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் கடைசிப் பின்கள் உள்ளே போக வேண்டும்.

இப்போது அந்தத் துளை.

பினாங்கில் வருஷம் முழுக்கக் காற்றில் ஈரம் 80 விழுக்காட்டுக்கு முன்னே பின்னே. இங்கே மரம் ஒரே மாதிரி ஊறிக் கிடக்கும். உங்கள் ஊரில் அப்படியில்லை. நான் இருந்த மாதங்களில் கோடையில் வியர்த்துக் கொட்டியது, குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டால் உதடு வெடித்தது. மரமும் அதேபோலத்தான் படும். நீளவாக்கில் மரம் கொஞ்சம்தான் சுருங்கும், ஆனால் பக்கத்தில் படுத்திருக்கும் எஃகு வேறு கணக்கில் நகர்கிறது. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு, சுமார் 0.012 மில்லிமீட்டர் நீளும். உங்கள் 42 அங்குலக் குழல் 40 டிகிரி வித்தியாசத்தில் அரை மில்லிமீட்டர் நீண்டுவிடும். சுட்டுச் சூடேறும்போதும் இதே கதை. குழல் தன் பின்முனையில் திருகாணியால் கட்டப்பட்டிருக்கிறது, ஆகவே அந்த நீட்சி முழுவதும் வாய்ப்பக்கம்தான் போக வேண்டும். காதில் வட்டத்துளை இருந்தால் பின் விடாது. அந்த இழுபறியில் தோற்பது மெல்லிய முன்கட்டைதான்.

பெரியவர் தன் முதல் துப்பாக்கியை எடுத்துக் காட்டினார். வாய்ப்பக்கக் கடைசிப் பின்னைச் சுற்றி, தலைமயிர் கனத்தில் ஒரு விரிசல், நார் ஓடும் திசையிலேயே இரண்டு அங்குலம். விரலால் தடவினால்தான் தெரியும். காதில் வட்டத்துளை போட்டிருந்தாராம். அந்த ஒன்றை அவர் விற்கவே இல்லை.

செய்முறை இது. குழலைப் பள்ளத்தில் அழுத்திக் கிளாம்ப் போட்டு, மரத்தையும் காதையும் ஒரே ஓட்டமாகத் துளையிடுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு காதும் எங்கே வருகிறது என்று கட்டையின் வெளிப்பக்கத்தில் டேப் ஒட்டிக் குறித்துவிட வேண்டும், குழல் உட்கார்ந்த பிறகு காது கண்ணுக்குத் தெரியாது. டிரில் பிரஸ்ஸில், கட்டையைச் சமமாகத் தாங்கி, பொறுமையாக. மேப்பிளில் நார் சுருண்டிருக்கும் இடத்தில் மெல்லிய பிட் வழி தவறும். நான் கட்டைத்துண்டில் 1.5 மில்லிமீட்டர் துளைக்கு 1.6 கம்பி அடித்துப் பார்த்தேன், மரத்தில் பிடிப்பு சரியாக இருந்தது. உங்கள் மரத்திலும் துண்டில் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டைக்கு வாருங்கள். துளை மேலே ஏறிக் குழலைத் தொடவே கூடாது. அதேபோல் காதைப் பொருத்தக் குழலின் அடியில் வெட்டும் டவ்டெயில் பள்ளமும் ஆழமாகப் போகக்கூடாது. வெடி நடக்கும் குழலின் சுவரில் கைவைக்கிற விஷயம் அது. சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டு, அங்கே அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள்.

துளையிட்ட பிறகு குழலை வெளியே எடுத்து, காதில் மட்டும் துளையை முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டர் நீட்டுங்கள். ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் வாங்கிய பொற்கொல்லர் ரம்பம் என் பெட்டியில் இருந்தது. நூல்போன்ற அதன் பிளேடைத் துளைக்குள் விட்டு இரண்டு இழுப்பு, பிறகு ஊசி அரம். முன்பின்னாக ஆட்டம் இருக்கலாம், மேல்கீழாக ஒரு மயிரிழைகூட ஆடக்கூடாது. மரத்தில் பின் இறுக்கம், காதில் நீளவாக்கில் சுதந்திரம். மரத்திலும் லூசு, காதிலும் லூசு என்றால் சுடும்போது பின் நகர்ந்து வெளியே எட்டிப் பார்க்கும்.

பின்னைக் கட்டையின் அகலத்தைவிட ஒரு மில்லிமீட்டர் குட்டையாக வெட்டி, இரண்டு முனையையும் அரத்தால் உருட்டுங்கள். இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் உள்ளடங்கி இருக்கும். வெளியே எடுக்க, பின்னைவிடக் கொஞ்சம் மெல்லிய பஞ்ச், இலேசான சுத்தியல். எந்தப் பக்கத்திலிருந்து அடித்தீர்களோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டி, எப்போதும் அதே வழியாக எடுங்கள். ஒவ்வொரு முறை சுத்தம் செய்யவும் குழலைக் கழற்ற வேண்டாம். பின்னுக்குப் பதில் ஆப்பும், கொக்கிப் பின்முனையும் வைத்த ஹாக்கன் என்ற பழைய அமெரிக்க வகைத் துப்பாக்கிகளில் குழல் சுலபமாகக் கழன்று வரும். உங்களுடையது பின் போட்டது, கட்டையில் இருந்தபடியே கழுவிப் பழகுங்கள். ஒவ்வொரு கழற்றலுக்கும் துளை கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். தளர்ந்துவிட்டால் 5/64 அங்குலக் கம்பிக்குப் போகலாம். அதனால்தான் முதலில் 1/16-இல் தொடங்கச் சொன்னேன்.

நீங்கள் இன்னும் துளை போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. முதலில் மருந்துக் கோலின் பள்ளத்துக்கும் குழல் பள்ளத்துக்கும் நடுவே எவ்வளவு மரம் இருக்கிறது என்று மூன்று இடத்தில் அளந்து கீழே எழுதுங்கள். எங்கேயாவது 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பின்னின் இடத்தையே மாற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.