செஷன் டிரம்மர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

வணக்கம் சார்,

அமெரிக்க செஷன் டிரம்மர் (ஸ்டூடியோவில் பிறர் பாட்டுக்குக் கூலிக்கு வாசிப்பவர்) ஹால் பிளேன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய பேட்டிகளைத் தேடிக் கேட்டேன். முதலில் சுவாரசியமாக இருந்தது, போகப்போகச் சலிப்பாகிவிட்டது. சினாட்ராவுக்கு வாசித்தேன், எல்விஸுக்கு வாசித்தேன், பீச் பாய்ஸ் இசைக்குழுவின் ரெக்கார்டில் கேட்பது என் டிரம்ஸ்தான் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். 35,000 பதிவுகள் என்று வேறு சொல்கிறார்கள். வயதான காலத்தில் பெரிய பெயர்களைச் சொல்லித் தன்னை உயர்த்திக்கொள்வதாகத்தானே இது படுகிறது? கூலி வாங்கிக்கொண்டு வாசித்துவிட்டுப் போனவர்கள் நினைவிலிருந்து சொல்வதை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியுமா? எதிலிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ம., திருச்சி

அன்புள்ள ம.,

35,000 என்ற எண்ணை நானும் அப்படியே ஏற்பதில்லை. அவர் உச்சத்தில் இருந்தது ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு வருடம். பெரும்பகுதி அப்போது வாசித்தவை என்றால் லீவே இல்லாமல் தினம் ஏழெட்டுப் பாடல் ஆகிறது. சரி, அந்த எண்ணை விட்டுவிடுவோம்.

ஆனால் பெயர்களை ஏன் அடுக்குகிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். 1960களின் லாஸ் ஏஞ்சல்ஸில் பாப் இசைத்தட்டின் உறையில் வாசித்தவர்களின் பெயர் பெரும்பாலும் இருக்காது. ரகுமானின் கேசட் உறையில் கலைஞர்களின் பெயர்ப்பட்டியலைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். மூன்று மணி நேர செஷன், இசைக்கலைஞர் சங்கம் நிர்ணயித்த கூலி, ஒப்பந்தத் தாளில் ஒரு வரி. அதோடு முடிந்தது. உறையில் இருந்த ஐந்து பையன்களின் படத்தைப் பார்த்தவர்கள் அவர்களே வாசித்ததாக நம்பினார்கள். பிளேன் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருந்தார். ‘ஹால் பிளேன் மறுபடியும் அடித்தார்’ என்ற பொருளில் ஒரு வாசகம் அதில் இருக்கும். வாசித்த நோட்டேஷன் தாளில் அதைக் குத்திவிட்டுப் போவார். பெயர் போட இடம் தராத தொழிலில் அவர் தானே உண்டாக்கிக்கொண்ட இடம் அது. இதைத் தற்பெருமை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காகிதத்தில் இருப்பதையும் பார்க்கலாம். ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி விருது 1966 முதல் 1971 வரை ஆறு முறையும் அவர் டிரம்ஸ் வாசித்த பாடல்களுக்கே போனது. ஹெர்ப் ஆல்பர்ட், சினாட்ரா, ஃபிஃப்த் டைமென்ஷன் இரண்டு முறை, சைமன் அண்ட் கார்ஃபங்கல் இரண்டு முறை. மேடையேறி விருது வாங்கியவர்கள் வேறு வேறு, டிரம்ஸ் இருக்கையில் மட்டும் ஒரே ஆள்.

எனக்கு இதைவிட முக்கியமானது, வேலையைப் பற்றி அவர் சொல்லும் நுணுக்கங்கள். 1963இல் ஃபில் ஸ்பெக்டர் தயாரிப்பில், ஹாலிவுட்டின் கோல்ட் ஸ்டார் ஸ்டூடியோவில் ரோனெட்ஸ் குழுவின் ‘பி மை பேபி’. காலால் அடிக்கும் பேஸ் டிரம் தனியாக மூன்று அடி, அப்புறம் கூர்மையாக ஒலிக்கும் ஸ்னேர் டிரம்மில் ஒரே அடி. உலகம் முழுக்க டிரம்மர்கள் அறுபது வருடமாக அதை எடுத்தாள்கிறார்கள். இரண்டாவது, நான்காவது தட்டு இரண்டிலும் ஸ்னேர் விழுந்திருக்க வேண்டும், இரண்டாவதைத் தவறவிட்டேன், தவறிவிட்டது என்பதால் அதையே தொடர்ந்து வாசித்தேன் என்று பிளேன் சொல்கிறார். பெருமை தேடுபவர் ‘அப்படித்தான் திட்டமிட்டேன்’ என்றல்லவா சொல்லியிருப்பார்?

சைமன் அண்ட் கார்ஃபங்கலின் ‘தி பாக்ஸர்’ பாட்டில் ‘லை லா லை’க்குப் பிறகு வெடிக்கும் அந்த அடியும் அப்படித்தான். நியூயார்க்கில் கொலம்பியா ஸ்டூடியோ கட்டடத்தின் லிஃப்டுக்கு எதிரே நடைவழியில் டிரம்மை வைத்து அடித்தார். சவுண்ட் இன்ஜினியர் ராய் ஹேலிக்கு அந்த எதிரொலி தேவைப்பட்டது. ஒரு முறை சரியாக அடி விழும் நேரத்தில் லிஃப்ட் கதவு திறந்து, உள்ளே இருந்த வயதான காவலாளி துப்பாக்கிச் சூடு என்று பயந்துபோனாராம். இதைக் கேட்டபின் பாட்டை ஹெட்போனில் போட்டுப் பாருங்கள். அந்த இடத்தின் நீளம் காதுக்குத் தெரியும். காவலாளி கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம், நடைவழி பதிவிலேயே இருக்கிறது.

பணத்தைப் பற்றியும் பேசியிருக்கிறார். பீச் பாய்ஸின் டிரம்மர் டென்னிஸ் வில்சனுக்குத் தன்மேல் பொறாமை கிடையாது என்கிறார். பகலில் நான் ஸ்டூடியோவில் 35, 40 டாலருக்கு வாசித்தேன், அவர் கடலில் சர்ஃபிங் போனார், ராத்திரி மேடையில் அவருக்கு 35,000 டாலர் என்று சொன்னார். அந்தக் குரலில் கசப்பு இல்லை. எனக்குக் கசக்கிறது. இத்தனைக்கும் அவர் நன்றாகவே சம்பாதித்தவர், ரோல்ஸ் ராய்ஸ் வைத்திருந்தவர். குழுக்கள் தாமே வாசிக்கத் தொடங்கி, டிரம் மெஷினும் வந்து வாய்ப்பு குறைந்தது. விவாகரத்தில் சொத்து போனது. பிறகு அரிசோனாவில் காவலாளி வேலை பார்த்தார். அவர் வாசித்த பாடல்கள் அப்போதும் ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தன. பாட்டு எத்தனை முறை ஓடினாலும் வாசித்தவருக்கு அமெரிக்காவின் ஏஎம், எஃப்எம் ரேடியோ பணம் கட்ட வேண்டியதில்லை.

அதற்காக எல்லா செஷன் கலைஞர்களும் சொல்வதை நம்பச் சொல்லவில்லை. பெர்னார்ட் பர்டி மகத்தான டிரம்மர். பீட்டில்ஸ் பாடல்கள் பலவற்றில் டிரம்ஸ் தன்னுடையது என்று சொன்னார், ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. பிளேனோடு வாசித்த பேஸ் கிடார் கலைஞர் கரோல் கே, அந்த செஷன் கலைஞர்கள் கூட்டத்துக்கு இன்று வழங்கும் ‘ரெக்கிங் க்ரூ’ என்ற பெயரே அந்தக் காலத்தில் கிடையாது, பின்னால் பிளேன் தன் புத்தகத்துக்காக வைத்தது என்று திரும்பத் திரும்ப அடித்துச் சொல்லியிருக்கிறார். இந்த விஷயத்தில் நான் கரோல் பக்கம். யார் எந்தப் பாட்டில் வாசித்தார்கள் என்று சண்டை வரும்போது சங்கத்தின் ஒப்பந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தத் தாளில் தேதி, பெயர், கூலிதான் இருக்கும். ஸ்னேர் ஏன் ஒரே ஒரு முறை விழுந்தது என்பதை வாசித்தவரைத்தான் கேட்க வேண்டும்.

தொடங்குவதற்கு டென்னி டெடெஸ்கோ எடுத்த ‘தி ரெக்கிங் க்ரூ’ ஆவணப்படம் போதும். அந்தக் கூட்டத்தில் கிடார் வாசித்த டாமி டெடெஸ்கோவின் மகன் அவர். 2008இலேயே விழாக்களில் திரையிட்ட படம், பாடல் உரிமைக்குப் பணம் கட்டி முடித்து 2015இல்தான் திரையரங்குக்கு வந்தது. அதில் பிளேனும் பேசுகிறார், கரோலும் பேசுகிறார். இருவரையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.