அழுதது வீணா?

கேள்வி: எனக்கு வயது 51. சென்னையில் வேலை பார்க்கும் மகள், வீட்டிலிருந்தே வேலை என்று சில மாதங்களாக எங்களோடு இருக்கிறாள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இருவரும் சேர்ந்து ஏதாவது பார்ப்போம். 'போஹீமியன் ராப்சடி' பார்த்து நான் அழுதுவிட்டேன். "அம்மா, இதுல பாதி பொய்" என்று சிரித்தாள். 'நிஜமானதைப் பார்' என்று பீட்டில்ஸ் பாட்டுக் குழுவைப் பற்றிய 'கெட் பேக்' ஆவணப்படத்தைப் போட்டாள். கிட்டத்தட்ட எட்டு மணி நேரம்! டீ குடிக்கிறார்கள், ரொட்டி தின்கிறார்கள், கிதாரைத் தடவுகிறார்கள். நான் தூங்கிப்போனேன். "உனக்கு மெய்யழகன்தான்மா சரி" என்கிறாள். (அதை மூன்று தடவை பார்த்தேன் என்பது உண்மைதான்.) இப்போது எந்தப் படத்தைப் பற்றியும் வாயைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. என் ரசனை அவ்வளவு மட்டமா? ஆவணப்படம் என்றால் எல்லாம் உண்மையா? அவர்கள் பேசும் ஆங்கிலமும் எனக்குப் பிடிபடுவதில்லை.

- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்னதில் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 'போஹீமியன் ராப்சடி' (2018) விஷயத்தில் அவள் கை ஓங்கித்தான் இருக்கிறது. பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி தனியாக ஆல்பம் போடப் போனதால் குயின் என்ற அவருடைய இசைக்குழுவே உடைந்தது என்றும், லைவ் எய்ட் என்ற நிவாரண நிதிக் கச்சேரியின் மேடைக்காகத்தான் மறுபடி கூடினார்கள் என்றும் படம் காட்டுகிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. தனி ஆல்பத்தை முதலில் போட்டவரே டிரம்மர் ரோஜர் டெய்லர்தான், அதுவும் 1981-லேயே. 1985 ஜனவரியில் ரியோவில் பெருங்கூட்டத்துக்கு முன்னால் நால்வரும் ஒன்றாகத்தான் வாசித்தார்கள். ஜூலை 13-ஆம் தேதி வெம்ப்ளி மைதானத்தில் ஏறியபோது, படம் சொல்வது போலத் தன் நோயைப் பற்றி ஃப்ரெடி மற்றவர்களிடம் சொல்லியிருக்கவும் முடியாது. அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது 1987-ல்தான் தெரியவந்தது என்பது அவரோடு கடைசிவரை வாழ்ந்தவர் எழுதியிருக்கும் கணக்கு.

நீங்கள் அழுதது பெரும்பாலும் அந்த வெம்ப்ளிக் காட்சியில்தான் இருக்க வேண்டும். ஊரே அங்கேதான் அழுதது. சாகப்போகிறவன் பாடுகிறான் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே வருஷத்தை முன்னால் இழுத்து வைத்திருக்கிறார்கள். இதில் வேடிக்கை, பியானோ மேல் நின்ற பெப்சிக் காகிதக் கோப்பைகளைக்கூட அச்சு அசலாகத் திரும்ப அடுக்கியிருப்பது. கோப்பைக்குக் கொடுத்த மரியாதையை நாள்காட்டிக்குக் கொடுக்கவில்லை.

அதற்காக அழுதது வீணா என்றால், இல்லை. திருநெல்வேலியா சான்சிபாரா என்று ஊர் மாறினாலும், வீட்டை விட்டு வந்த பிள்ளை அப்பாவிடம் நல்ல பெயர் வாங்கத் தவிப்பது நமக்குத் தெரிந்த கதை. ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் பிறந்த பார்சிப் பையன், மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் படித்தவன், லண்டனுக்குப் போய் ஃபரூக் புல்சாரா என்ற பெயரை உதறிவிட்டு மேடை ஏறுகிறான். அது நடந்ததுதானே. ஒரு வேலை செய்யுங்கள். அசல் லைவ் எய்ட் நிகழ்ச்சி இணையத்தில் இருக்கிறது, குயின் வாசித்தது இருபது நிமிஷம்தான். மகளை உட்கார வைத்து அதைப் போடுங்கள். நோய் பற்றிய எந்த முன்கதையும் இல்லாமலேயே அந்த மனிதர் எழுபதாயிரம் பேரைக் கை தட்ட வைப்பதைப் பாருங்கள். படத்தைவிட அது எனக்குப் பிடிக்கும்.

சரி, 'கெட் பேக்' (2021). ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போட்டால் யாருக்கும் தூக்கம்தான் வரும். இதில் உங்கள் மீது குற்றமே இல்லை. 'மெய்யழகன்' படத்தில் மட்டும் என்ன நடக்கிறது? நீடாமங்கலத்தில் ஒரு ராத்திரி முழுக்க இரண்டு பேர் பேசுகிறார்கள். நீளம் என்று புகார் வந்து, வெளியான பிறகு சுமார் 18 நிமிஷத்தை வெட்டினார்கள். அதை மூன்று தடவை பார்த்தவருக்குப் பொறுமை இல்லை என்று யார் சொல்வது? அந்தக் கல்யாண மண்டபம் உங்களுக்குத் தெரியும், பெயர் மறந்துபோன சொந்தக்காரன் முன்னால் அசடு வழிவது எப்படி இருக்கும் என்பதும் தெரியும். இந்த நான்கு பையன்களை உங்களுக்குத் தெரியாது. உங்கள் மகள் அவர்கள் பாட்டுகளோடு பல வருஷம் இருந்திருப்பாள், அதனால் அவர்கள் ரொட்டி தின்பதும் அவளுக்குச் சுவாரசியம். ஏற்கெனவே பிரியம் வைத்தவர்களுக்காக எடுத்த படம் அது. வேற்றாளை முதல் சந்திப்பிலேயே எட்டு மணி நேரம் உட்கார வைப்பது கொஞ்சம் அநியாயம்.

ஆனால் ஒரு காட்சியை மட்டும் பாருங்கள். முதல் பாகத்தில் வரும். 1969 ஜனவரி, லண்டனில் ஒரு படப்பிடிப்புக் கூடம், குளிர்காலக் காலை. ஜான் லெனன் இன்னும் வந்து சேரவில்லை. பால் மெக்கார்ட்னி உட்கார்ந்துகொண்டு பேஸ் கிதாரை ஒரே தாளத்தில் விடாமல் அடிக்கிறார். வாயில் வார்த்தை இல்லை, வெறும் முனகல். எதிரில் ஜார்ஜ் ஹாரிசன் கொட்டாவி விடுகிறார். ரிங்கோ சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். சில நிமிஷத்துக்குள் அந்த முனகலிலிருந்து பாட்டு எழுந்து வருகிறது, ஜார்ஜும் கிதாரை எடுக்கிறார். படத்தின் தலைப்பாக இருக்கும் அதே பாட்டுதான். ஒரு பாட்டு இல்லாமல் இருந்து, பிறகு இருப்பதை நான் வேறெங்கும் இப்படிப் பார்த்ததில்லை. இந்தச் சில நிமிஷத்துக்காக மீதியை மன்னிக்கலாம்.

ஆவணப்படம் என்றால் எல்லாம் உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் இதே படத்தில் பதில் இருக்கிறது. கையில் இருந்த படச்சுருள் சுமார் 60 மணி நேரம், ஒலிநாடா 150 மணி நேரத்துக்கும் மேல். அதிலிருந்து 1970-ல் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாக 'லெட் இட் பி' என்ற படம் வந்தது. குழு உடையும் சோகத்தைத்தான் பலரும் அதில் பார்த்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து பீட்டர் ஜாக்சன் அதே சுருளிலிருந்து இதை எடுத்தார், இதில் சிரிப்பும் கும்மாளமும் நிறைய. இரண்டிலும் யாரும் நடிக்கவில்லை. ஆனால் ஜாக்சன் படத்தின் தயாரிப்பாளர்கள் பட்டியலில் பாலும் ரிங்கோவும், மற்ற இருவரின் மனைவியரும் இருக்கிறார்கள். குடும்பமே கூடி உட்கார்ந்து போட்ட ஆல்பம் என்று தெரிந்து பார்த்தால் ஏமாற்றம் இல்லை. இருந்தாலும் ஒளிக்காத இடமும் உண்டு. கோபித்துக்கொண்டு ஜார்ஜ் வெளியேறிய பிறகு ஜானும் பாலும் உணவகத்தில் தனியாகப் பேசியதை, பூந்தொட்டிக்குள் மைக்கை மறைத்து வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். அந்தப் பேச்சு படத்தில் இருக்கிறது. இப்படி ஒட்டுக் கேட்கலாமா என்பது வேறு விஷயம்.

யார் கையில் கத்தரி என்பது தெரிய வேண்டுமானால் இங்கிலாந்துப் பாடகி ஏமி வைன்ஹவுஸ் பற்றிய இரண்டு படங்களையும் பாருங்கள். ஆசிஃப் கபாடியாவின் 'ஏமி' (2015) ஆவணப்படத்தில் அவர் அப்பாவைப் பார்த்தால் நமக்குக் கோபம் வரும். அவரும் அந்தப் படத்தைக் கண்டித்துப் பேசினார். 2024-ல் வந்த 'பேக் டு பிளாக்' நடிகர்களை வைத்து எடுத்த கதைப்படம், அதில் அப்பா கிட்டத்தட்ட நல்லவர். எனக்கு ஆவணப்படம்தான். மூத்த அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட்டோடு பாட வந்த இடத்தில், பாதியில் நிறுத்தி, தன் பாட்டு சரியில்லை என்று ஏமி நெளிவதும், கிழவர் பொறுமையாகத் தேற்றுவதும் உள்ள காட்சி ஒன்று போதும். அதன் பிறகு சில மாதங்களில் 27 வயதில் அந்தப் பெண் இறந்துபோனாள். ராத்திரியில் பார்க்காதீர்கள், மனசு கனத்துவிடும்.

நீங்கள் இருவரும் சண்டையில்லாமல் பார்க்க 'சம்மர் ஆஃப் சோல்' (2021). 1969 கோடையில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் கறுப்பின மக்கள் பூங்காவில் வாராவாரம் நடத்திய இசைவிழா. படம் பிடித்தவர் விற்கப் பார்த்தும் வாங்க ஆள் இல்லாமல், சுருள்கள் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கிடந்தன. அதில் பாடகி மகாலியா ஜாக்சன், உடம்பு முடியவில்லை, கூடப் பாடு என்று இன்னொரு பாடகியான மேவிஸ் ஸ்டேபிள்ஸை அழைக்கிறார். உடம்பு முடியாதவர் பாடும் பாட்டா அது! சேர்ந்திசையின் முடிவில் மைக்கைக் கடித்துத் தின்றுவிடுவார் போல இருக்கும். ஒரு குறை, பாட்டு ஓடும்போது குறுக்கே குறுக்கே ஆள் பேசுகிறார்கள். கச்சேரியில் பக்கத்து சீட்டில் வம்பு பேசுகிற மாமிகள் ஞாபகம் வருகிறது.

அப்புறம், உங்கள் முறை வரும்போது சத்யஜித் ராய் 1976-ல் எடுத்த 'பாலா'வைப் போடுங்கள். அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பாலசரஸ்வதி அம்மையார் கடற்கரையில் நின்று 'கிருஷ்ணா நீ பேகனே' அபிநயம் பிடிக்கிறார். அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டி வெகு தூரம். இளமையில் எடுத்திருக்க வேண்டிய படம் என்று ராய் மேல் வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குழந்தையைக் கூப்பிடும் கை ஒன்றே போதும். இதில் மகளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். அவள் கேட்டால் சொல்லுங்கள்.

ஆங்கிலம் புரியவில்லை என்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அந்த லிவர்பூல் பேச்சு இங்கிலாந்திலேயே பலருக்குத் தகராறு. திரையின் கீழே எழுத்து வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளும் அப்படித்தான் பார்க்கிறாளா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.