எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்கை வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காதா?

சலிக்கும். ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் சலிக்காது. முதலில் சலிப்பது பெரிய மேடைகளுக்காகச் செய்த ட்ராக்குகள். ஏற்றிக்கொண்டே போய், ஒரு கணம் நிறுத்தி, தடாலென்று 'டிராப்' விழும், அதாவது தாளம் முழு பலத்தோடு திரும்ப வந்து இறங்கும். அது எங்கே விழும் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அதில் என்ன மிச்சம்? நாலாவது தடவை கை தானாக அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது.

டிஜேக்களுக்கென்று வந்த 12 அங்குல இசைத்தட்டுகளின் பிரச்சினை வேறு. தொடக்கத்தில் வெறும் டிரம்ஸ் மட்டும் ஓடும். முந்தைய தட்டோடு கோத்துக் கலக்க விட்ட இடம் அது. தனியாகப் போட்டால் மொட்டையாக இருக்கும். போதாக்குறைக்கு, கிக் டிரம்மின், அதாவது 'தும் தும்' என்று அடிக்கும் பெரிய டிரம்மின், பலமெல்லாம் 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில், மிகத் தாழ்ந்த ஒலியில். ஃபோன் ஸ்பீக்கரில் அது வரவே வராது. பலர் மிஞ்சும் 'டொக் டொக்' சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, இந்த இசையே இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

திரும்பத் திரும்ப வருவதுதான் சலிப்புக்குக் காரணம் என்றால் ஜெர்மன் இசைக்கலைஞர் மானுவேல் கோட்ஷிங்கின் 'ஈ2-ஈ4' என்ற ஆல்பம் என்றோ செத்திருக்க வேண்டும். (ஆமாம், சதுரங்கத்தில் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும் அதே நகர்த்தல்தான்.) 1981 டிசம்பரில் பெர்லினில் தன் ஸ்டுடியோவில் ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்தார், தட்டாக வந்தது 1984இல். ஏறக்குறைய ஒரு மணி நேரம், அடியில் இரண்டே கார்டுகள் (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு). மேலே ஒரு சிறு ஒலி நுழையும், இன்னொன்று விலகும். எப்போது மாறியது என்று பிடிக்க முடியாது. பாதிக்கு வந்தபின்தான் கிட்டார் வருகிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் காது வேறு எதையாவது பற்றிக்கொள்கிறது.

வேடிக்கை என்னவென்றால், விமானப் பயணத்தில் கேட்பதற்காகப் பதிவு செய்தது இது. ஆட யாரையும் நினைத்துச் செய்ததில்லை. அதை நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பில் டிஜே லேரி லெவன் போட்டு ஆட்களை ஆடவைத்தார். 1989இல் இத்தாலியில் இதிலிருந்தே 'சுவேன்யோ லாட்டினோ' என்ற கிளப் ஹிட் பிறந்தது.

உட்கார்ந்து கேட்கவென்றே வந்தவையும் உண்டு. இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் வார்ப் இசை நிறுவனம் 1992இல் வெளியிட்ட 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' தொகுப்பின் அட்டையில் ஒரு ரோபோ சாய்வு நாற்காலியில் சாய்ந்து கிடக்கும். நல்ல தொகுப்புதான், ஆனால் என் ஓட்டு கோட்ஷிங்குக்கே. ஹெட்ஃபோனில் போடுங்கள். பத்து நிமிடத்தில் நிறுத்திவிடாமல் கிட்டார் வரும்வரையாவது ஓடட்டும்.