லாங் எக்ஸ்போஷரில் கூட்டத்தின் நடுவே இருக்கும் தனிமையைக் காட்டுவது எப்படி?

நெரிசலான கடைத்தெருவில் லாங் எக்ஸ்போஷராக, அதாவது கேமரா ஷட்டரை 30 நொடி திறந்து வைத்து எடுத்தும் தனிமை தெரியவில்லை, வெறும் புகைதான் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்காக ஊரை விட்டு வந்து, லீவு நாளில் கேமராவோடு தனியாகச் சுற்றுகிறவர் நீங்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்தக் கேள்வி வராது.

முதலில், 30 நொடி மிக அதிகம். அவ்வளவு நேரத்தில் நடக்கிறவர்கள் உருவமாகப் பதியவே மாட்டார்கள். 1838-ல் டாகேர் பாரிஸில் ஒரு பெரிய வீதியை எடுத்த படம் பிரபலம். பல நிமிடம் ஒளி வாங்கிய அந்தப் படத்தில் வண்டி, ஆள் எல்லாம் மறைந்து தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். ஷூவுக்குப் பாலிஷ் போட ஓரமாக நின்ற ஒருவரின் உருவமும் பாலிஷ் போடுகிறவரின் உருவமும் மட்டும் விழுந்திருக்கும். அது ஆளில்லாத ஊர் மாதிரி இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது கூட்டம். அது படத்துக்குள் இருந்தாக வேண்டும்.

சோவியத் உடைந்த கையோடு, 1990-களின் தொடக்கத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அலெக்ஸேய் தித்தரேன்கோ எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். மெட்ரோ வாசல் படிக்கட்டில் ஜனங்கள் கரைந்து ஏறுவார்கள். ஆனால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்த கைகள் மட்டும் கை என்று தெரியும். அந்தக் கைகள்தான் நம்மை உலுக்குகின்றன.

இப்போது என் கதை. நான் சாத்தான்குளம் பக்கத்துப் பெண். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவள். காலையில் நிற்கத் தொடங்கினால் கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். எதிரில் ஆயிரக்கணக்கான பேர் போவார்கள், வருவார்கள், புடவையை விரிக்கச் சொல்வார்கள். முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர் அபூர்வம். பிறகு வேறு வேலை, கல்யாணம், கையில் ஒரு பழைய கேமரா என்று வாழ்க்கை நகர்ந்தது. ஆனால் எடுக்க வேண்டிய படம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ரங்கநாதன் தெருவில் இன்னொரு கடையில், வாசலில் நின்று "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கக்கா" என்று கூப்பிடும் வேலை பார்த்த ஒரு தங்கச்சியிடம் கேட்டேன். எங்கள் ஊர்ப் பக்கம்தான். "என்னயவாக்கா எடுக்கப் போறீங்க?" என்றாள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, விளக்குப் போட்ட நேரம். அந்த நெரிசலில் ட்ரைபாட் விரிக்க முடியாது. எதிர்க்கடைப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் ஒரு கிலோ அரிசிப் பையை வைத்து, அதில் கேமராவை அமுக்கி உட்கார வைத்தேன். ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 100, லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் ஒரு நொடி. விரல் பட்டு ஆடாமல் இருக்க 2 நொடி டைமர். அவளைத் தூணில் முதுகைச் சாய்த்து, மூச்சை விட்டுவிட்டு அப்படியே நிற்கச் சொன்னேன். ஆடாமல் நிற்பது எவருக்கும் சிரமம். அவளுக்குப் பழகியிருந்தது.

படத்தில் கட்டைப்பைகளின் மஞ்சள் கோடாக ஓடுகிறது. ஒரு குழந்தையின் கை அம்மாவின் முந்தானையைப் பிடித்திருப்பது பாதி தெரிகிறது. நடுவில் அவள் முகம், சட்டைக் காலரில் குத்திய பேட்ஜ், கழுத்தில் தொங்கும் டேப், எல்லாம் துல்லியம். அரை நொடியில் எடுத்தது சாதாரணத் தெருப்படமாக இருந்தது. 4 நொடியில் கூட்டம் சாம்பல் திரையாகிவிட்டது. ஒரு நொடியில்தான் அவள் பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், அவளோடு யாரும் இல்லை என்பது வந்தது.

இதைப் போட்டபோது "நிற்க வைத்து எடுத்தது, உண்மை இல்லை" என்று ஒருவர் எழுதினார். அவள் அன்றைக்கு முழுக்க அங்கேதான் நின்றாள், நான் கேட்டது ஒரு நொடி. "மென்பொருளில் செய்யலாமே" என்றும் சொல்வார்கள். செய்யலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் போய்ப் பேசியிருக்க மாட்டீர்கள்.

நிற்கிற பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் சிலரின் கடையில் ஸ்டூல் இருக்கிறது. அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையில் எழுந்துவிடுகிறார்கள். கால் நரம்பு புடைத்து இருபத்தைந்து வயதில் வைத்தியம் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். புடவை எடுக்கப் போனால் "நீ உட்காரும்மா, நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னாலும் இதை நீக்க மாட்டேன்.

சரி, உங்கள் விஷயம். பகலில் எடுப்பதென்றால் என்டி ஃபில்டர், அதாவது லென்ஸ் முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி வேண்டும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 வைத்தால் ஷட்டர் 1/100 நொடி வரும். ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும், ஷட்டர் நேரம் இரட்டிப்பாகும். 6 ஸ்டாப் ஃபில்டர் போட்டால் அரை நொடிக்குச் சற்று மேல். 10 ஸ்டாப் போட்டால் 10 நொடி ஆகிவிடும், கூட்டம் காணாமல் போகும். அதனால் 6 போதும். சாயங்காலம் என்றால் ஃபில்டரே வேண்டாம். இரும்பு நடைமேம்பாலத்தில் வைக்காதீர்கள், ஜனம் நடக்க நடக்க அது அதிரும், நிற்கிறவரும் கலங்கிவிடுவார். தரையில் அல்லது கான்கிரீட் சுவரில் வையுங்கள். நடக்கிறவர்கள் கேமராவுக்குக் குறுக்கே போனால் கோடு நீளும், நேராக வந்தால் உருவம் ஓரளவு நிற்கும். இரண்டும் கலந்து வருகிற முக்கு நல்லது.

நிற்கிறவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் டைமரை 10 நொடிக்கு வைத்துவிட்டு நீங்களே போய் நில்லுங்கள். நண்பர் ஒருவரைக் கேமரா பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போங்கள், கூட்டத்தில் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடப் போகிறார்கள்.