பெரிய என்ஜின் ஏற்றலாமா? – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: என்னிடம் மாருதி ஜிப்ஸி (1.3 எம்.பி.எஃப்.ஐ.) இருக்கிறது. மலைப்பாதையில் கல் நிறைந்த ஏற்றம் வந்தால் மூச்சு வாங்குகிறது. பழைய பலேனோ காரின் 1.6 என்ஜின் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கி ஏற்றலாமா?
– வாசகர், தேனி

பதில்: குறை கல் ஏற்றத்தில் மட்டும்தான் என்றால் என்ஜினைத் தொடாதீர்கள். கணக்குப் போட்டால் காரணம் புரியும். ஜிப்ஸியின் 1,298 சி.சி. என்ஜின் 103 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) தருகிறது, அதுவும் 4,500 ஆர்.பி.எம். வந்த பிறகு. பலேனோவின் 1,590 சி.சி. என்ஜினில் இது சுமார் 130. ஆக, கூடுவது கால் பங்கு. ஜிப்ஸியின் முதல் கியர் விகிதம் 3.652, டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டி) லோ கியர் விகிதம் 2.268, பெருக்கினால் 8.28. இதே சுசுகி சாமுராய் (ஜிப்ஸியின் வெளிநாட்டுச் சகோதர வண்டி) வகை டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 4.16 லோ கியர் செட் கிடைக்கிறது. அதைப் போட்டால் 15.19. சக்கரத்துக்குப் போகும் இழுவை 83 சதவீதம் கூடிவிடும். என்ஜினும் வயரிங்கும் இருந்தபடியே இருக்கும். மேட்டில் கிளட்ச் கருகுவதும் நிற்கும்.

நெடுஞ்சாலையில் லாரியை முந்த முடியவில்லை என்பதும் உங்கள் குறை என்றால், 1.6-க்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் சட்டம் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி.யில் உள்ள எதையும் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது என்ஜின் நம்பரைத்தான். "ஆர்.டி.ஓ. ஆபீசில் சரிக்கட்டிவிடலாம்" என்று சொல்பவரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பொதுச் சாலைக்கு வராத, போட்டித் தடத்தில் மட்டும் ஓடும் வண்டி என்றால்தான் மேற்கொண்டு படியுங்கள்.

இரண்டுமே சுசுகியின் 'ஜி' குடும்ப என்ஜின்கள். ஆனால் 1.3-ன் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மி.மீ., 1.6-ன் ஸ்ட்ரோக் 90 மி.மீ. அதனால் பிளாக்கே உயரம். பானட்டில் இடிக்குமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். பலேனோவில் குறுக்கே கிடந்த என்ஜின் இங்கே நெடுக்கே உட்கார வேண்டும். ஹெட்டின் ஒரு முனையில் இருப்பதெல்லாம் ஃபயர்வால் பக்கம் திரும்பும். ரேடியேட்டர் ஹோஸ், எக்ஸாஸ்ட் இரண்டையும் புதிதாகத்தான் வளைத்தாக வேண்டும். என்ஜினோடு இ.சி.எம். (என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), முழு வயரிங், சென்சார்கள் எல்லாவற்றையும் ஒரே காரிலிருந்து வாங்குங்கள். வயரை வெட்டிக் கொடுக்கும் கடையில் வாங்கினால் மிச்சமாகும் பணத்தை எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்துத் தீர்ப்பீர்கள்.

பெரும்பாலும் கோட்டை விடும் இடம் சம்ப், அதாவது என்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி. அதற்கு நேர் கீழே முன் ஆக்சில் மேலும் கீழும் ஆடுகிறது. சம்ப் அடியில் களிமண்ணை உருண்டையாக ஒட்டி, பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே போய் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) தொடும் வரை ஆக்சிலை ஜாக்கியால் தூக்குங்கள். நசுங்கிய மண்ணின் கனம் 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஓடும்போது என்ஜினும் ரப்பர் மவுண்டில் ஆடும் அல்லவா? இடம் போதாமல் சம்பை வெட்டி ஆழம் குறைத்தால் ஆயில் ஸ்டெரெயினரையும் (ஆயில் உறிஞ்சும் குழாய் முனைச் சல்லடை) சேர்த்துத் தூக்குங்கள். ஸ்டெரெயினருக்கும் சம்ப் தரைக்கும் இடைவெளி 6 முதல் 10 மி.மீ. இருக்கட்டும். தரையோடு ஒட்டினால் ஆயில் ஏறாது. அதிகம் தூக்கினால் சரிவில் காற்றை உறிஞ்சிக் கிராங்க் பேரிங் போய்விடும்.

கேள்வி: எங்களிடம் லேண்ட் ரோவர் சீரிஸ் 3 பெட்ரோல் வாகனம் உள்ளது. 200 டிடிஐ டீசல் என்ஜின் போட விரும்புகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், ஹட்டன்

பதில்: நல்ல தேர்வு. 2,286 சி.சி.யிலிருந்து 2,495 சி.சி.க்குப் போகிறீர்கள். 1,800 ஆர்.பி.எம்.மிலேயே 255 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடும் கூடு) போல்ட் அமைப்பும் ஒன்றுதான். அடாப்டர் பிளேட் வேண்டியதில்லை. ஆனாலும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கு, கிராங்கில் உள்ள ஸ்பிகாட் புஷ்ஷில் சரியாக அமர்கிறதா என்று என்ஜின் தரையில் இருக்கும்போதே பாருங்கள். பொருந்தாவிட்டால் லேத்தில் புஷ் கடைந்துகொள்ள வேண்டியதுதான். பெல் ஹவுசிங் போல்ட்டை முறுக்கி இழுத்து உள்ளே தள்ளப் பார்த்தால் கிளட்ச் பிளேட் நடுப்பகுதிதான் வளையும்.

லேண்ட் ரோவர் டிஃபெண்டரிலிருந்து எடுத்த என்ஜினா, டிஸ்கவரியிலிருந்து எடுத்ததா என்று விசாரியுங்கள். டிஸ்கவரி என்ஜினில் டர்போ தாழ்வாகத் தொங்கும், சேஸிஸில் இடிக்கும். டிஃபெண்டர் என்ஜினில் டர்போ உயரத்தில் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குங்கள். டைமிங் பெல்ட்டை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பழைய பெல்ட்டின் வயது யாருக்கும் தெரியாது.

பெட்ரோல் டாங்கைக் கழற்றிக் கழுவுங்கள். டீசல் பம்பிலிருந்து திரும்பி வரும் டீசலுக்கு டாங்கில் ஒரு ரிட்டர்ன் குழாய் வேண்டும். பிரேக் சர்வோ (உறிஞ்சலால் பிரேக் மிதியை இலகுவாக்கும் பெட்டி) உள்ள வண்டி என்றால் வேக்கம் பம்ப் கட்டாயம். பெட்ரோல் என்ஜின் போல டீசல் மேனிஃபோல்டில் உறிஞ்சல் கிடைக்காது. கம்ப்ரஷன் 19.5-க்கு 1 என்பதால் பழைய சின்ன பேட்டரி காலைக் குளிரில் ஸ்டார்ட்டரைச் சுற்றாது. மின்சார வேலை மற்றபடி சொற்பம்: பம்பின் ஸ்டாப் சொலினாய்டுக்கு ஒரு வயர், குளோ பிளக்குக்கு (ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்குவது) ரிலேயோடு ஒரு தடித்த வயர்.

பழைய 4.7 விகித டிஃபரன்ஷியலை (ஆக்சில் நடுவிலுள்ள பல்சக்கரத் தொகுதி) அப்படியே விட்டால் டீசல் என்ஜின் சாலையில் கத்திக்கொண்டே ஓடும். 3.54-க்கு மாற்றுங்கள், முன்னும் பின்னும் சேர்த்து. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இழுவை போட்டால் டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் கடித்துக்கொள்ளும். அக்கால ரேஞ்ச் ரோவரின் 10 ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் முனையிலுள்ள வரிப்பள்ளங்கள்) டிஃபரன்ஷியல் உங்கள் ஆக்சிலுக்குப் பொருந்தும். மாற்றிய பிறகு ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும்: முள் 60-ல் நிற்கும்போது வண்டி 80-ல் போகும். சீரிஸின் பின் ஆக்சில் ஷாஃப்ட்டுகள் மெலிந்தவை. சக்கரம் சிக்கிய நிலையில் கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் அவைதான் முதலில் முறியும். கையிருப்பாக ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

பதிவுப் புத்தகத்தில் என்ஜின் இலக்கம், எரிபொருள் வகை இரண்டும் மாறுகின்றன. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் விசாரித்துவிட்டுப் பழைய என்ஜினைக் கழற்றுங்கள்.

கேள்வி: போட்டிக்காக வேறு என்ஜின் ஏற்றிய ஜிப்ஸியில் 50 கி.மீ. வேகத்தில் தரை அதிர்கிறது. ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட்டை இரண்டு முறை பேலன்ஸ் செய்தும் போகவில்லை.
– வாசகர், கோவை

பதில்: பின் ஷாஃப்ட்டைத்தான் பேலன்ஸ் செய்திருப்பீர்கள். ஜிப்ஸியில் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தனித்தனி. இடையில் ஒரு குட்டை ஷாஃப்ட் ஓடுகிறது. சந்தேகம் அதன்மேல்தான். 900 மி.மீ. ஷாஃப்ட்டில் ஒரு முனை 10 மி.மீ. உயர்ந்தால் கோணம் அரை டிகிரிக்குச் சற்று மேல், 300 மி.மீ. ஷாஃப்ட்டில் அதுவே 2 டிகிரி. புது மவுண்டில் என்ஜின் முன்பக்கம் தூக்கி நிற்கிறதா என்று ஆங்கிள் கேஜ் வைத்துப் பாருங்கள். இரு முனை யூ.ஜே. கிராஸ் (ஷாஃப்ட் மடங்கிச் சுழல உதவும் சிலுவை மூட்டு) கோணங்களுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள் வரும்வரை மவுண்டுக்கு அடியில் வாஷர் வையுங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றி மாட்டியபோது ஸ்ப்ளைன் ஒரு பல் மாறி, இரு யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே நேர்கோட்டில் இல்லாமல் போனாலும் இதே அதிர்வு வரும்.

கேள்வி: என்ஜின் மாற்றிய ஜீப் மேடேறும்போது கொதிக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: வேண்டாம். மெதுவாக ஏறும்போது மட்டும் கொதித்தால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை. வேகமாக ஓடும்போது கொதித்தால் ரேடியேட்டர் சிறியது. உங்களுடையது முதல் வகை. ஃபேனைச் சுற்றிக் கூண்டு இருக்கிறதா, இறக்கையில் பாதி அதற்குள் நிற்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் 25 மி.மீ. போதும். மின்சார ஃபேன் என்றால் ஒரு காகிதத்தை ரேடியேட்டர் முன்னால் பிடியுங்கள். அது ஒட்டிக்கொள்ளாமல் பறந்தால் வயரைத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறார்கள்.